பானையை முதலில் சின்னதாக்கு

அன்புள்ள முரளிக்கு,

நலம். வீட்டில் எல்லோரும் சுகம்தானே? நீ போனில் அனுப்பிய மண்பானை வந்து சேர்ந்தது. உடையவில்லை, ஆனால் மங்கிப்போயிருக்கிறது. அது உன் தப்பில்லை. நீ பிக்சல் பிக்சலாக, அதாவது கட்டம் கட்டமாக, நிறம் நிரப்பி வரைந்த படத்தை போட்டோவாக அனுப்பியதால் அது ஜேபெக் ஆகி நசுங்கிவிட்டது. அதுதான் ஓரமெல்லாம் அழுக்குப் படிந்த மாதிரி தெரிகிறது. தரம் குறையாத பிஎன்ஜி-யாகச் சேமித்து, டாக்குமெண்டாக அனுப்பு. பெரிதாக்குவதானால் 400, 800 சதவீதம் என்று முழு மடங்காக, புது நிறம் கலக்காமல் இருக்கும் பிக்சலையே நகலெடுக்கும் ‘நியரஸ்ட் நெய்பர்’ முறையில் மட்டும் பெரிதாக்கு. 150 என்று கொடுத்தால் ஒரு பிக்சல் ஒன்றாகவே நிற்கும், பக்கத்தில் இருப்பது இரண்டாக வீங்கும். நேர்க்கோடே நொண்டியடிக்கும்.

இனி பானைக்கு வருகிறேன். ‘கலர் எடுபடவில்லையா, வேறு பேலட் (நிறத் தொகுப்பு) தேடட்டுமா?’ என்று கேட்டிருந்தாய். தேடாதே. கோளாறு கோட்டில் இருக்கிறது. வயிற்றின் இடது ஓரத்தை ஜூம் செய்து கோடு படிக்கட்டாக இறங்குவதில் ஒவ்வொரு படியிலும் எத்தனை பிக்சல் என்று எண்ணிப் பார்: 5, 2, 3, 1. வளைவு என்றால் படியின் நீளம் குறைந்துகொண்டே போக வேண்டும், அல்லது கூடிக்கொண்டே வர வேண்டும். 2-க்குப் பிறகு 3 வந்த இடத்தில்தான் உன் பானை அடி வாங்கிய மாதிரி இருக்கிறது. 5, 3, 2, 1 என்று மாற்று, சரியாகிவிடும். 16 கட்ட அகலத்தில் ஒரு வட்டம் போட்டுப் பழகு. உச்சியில் படுக்கையாக 6 பிக்சல். அடுத்த வரிசையில் இருபுறமும் 2. அதற்கும் கீழே இருபுறமும் 1. பிறகு நெட்டுக்குத்தாக 2, கடைசியில் நெட்டுக்குத்தாக 6. மற்ற பாதி அப்படியே கவிழ்த்தது. கணக்கு நோட்டில் பென்சிலால் ஒருதரம் போட்டால் கைக்கு வந்துவிடும்.

கழுத்து வயிற்றோடு சேரும் இடத்தில் இன்னொன்று. மூன்று பிக்சல் ‘எல்’ வடிவத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மூலைப் பிக்சலை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் முனையோடு முனை தொட்டு நிற்கும், கோடு மெலியும். ஏஸ்ப்ரைட் என்ற பிக்சல் படம் வரையும் மென்பொருளில் பென்சிலை எடுத்ததும் மேலே ‘பிக்சல் பெர்ஃபெக்ட்’ என்று ஒரு டிக் இருக்கும். அதைப் போட்டால் இந்த மூலைகள் தானாகவே விழுந்துவிடும். காசு கொடுக்க மனசில்லையென்றால் லிப்ரெஸ்ப்ரைட் இலவசம். எதையும் இறக்கவே வேண்டாமென்றால் பிஸ்கெல் உலாவியிலேயே ஓடும். மென்பொருளைப் பற்றி இதற்கு மேல் யோசிக்காதே.

நிழலுக்கு நீ நிறைய உழைத்திருக்கிறாய், ஆனால் தப்பான திசையில். ஓரத்தில் கருப்பு, அதற்குள் ஒரு வளையம் பழுப்பு, அதற்குள் இன்னொரு வளையம், நடுவில் வெளிச்சம். இதை ‘பில்லோ ஷேடிங்’ என்பார்கள். பானை உப்பிய தலையணை ஆகிவிடுகிறது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முடிவு செய்யாமல், அவுட்லைனை (வெளிக்கோட்டை) பார்த்துப் பார்த்து உள்ளே நிறம் கொடுப்பதால் வருவது இது. வெளிச்சம் இடது மேல் மூலை என்று வைத்துக்கொள். வெளிச்சத் திட்டு வயிற்றின் நடுவிலிருந்து அந்த மூலைப் பக்கமாக நகரட்டும். நிழல் வலது கீழே பிறை மாதிரி விழட்டும், நடுவில் தடித்து, முனைகளில் மெலிந்து. அந்தப் பிறையின் படிகளும் அவுட்லைனின் படிகளும் ஒரே இடத்தில் முடியக் கூடாது. முடிந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு தடித்த பட்டையாகத் தெரியும். ஒரு பிக்சல் தள்ளி முடி, போதும்.

நிறத்துக்கு இப்போது வரலாம். உன் நிழல் சேறு மாதிரி இருப்பதற்குக் காரணம், அதே செம்மண் நிறத்தில் கருப்பைக் கலந்ததுதான். ஹியூ (நிறச் சாயல்), செறிவு, ஒளி மூன்றையும் தனித்தனியாக மாற்றும் ஹெச்எஸ்வி ஸ்லைடரைத் திற. நடு நிறம் ஹியூ 20, செறிவு 65, ஒளி 70. நிழலுக்கு ஒளியை 45-க்கு இறக்கும்போதே ஹியூவை 5-க்குத் தள்ளு, சிவப்புப் பக்கம் போகட்டும். வெளிச்சத்துக்கு ஹியூ 35, செறிவு 50, ஒளி 90. இந்த மூன்றோடு அவுட்லைனுக்கு ஒரு கரும்பழுப்பு. மொத்தம் நாலு. நீ போட்டிருப்பது இருபதுக்கு மேல் இருக்கும்போல. பாதிக்கும் பாதிக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

நாலு நிறத்தில் என்ன வந்துவிடும் என்று கேட்பாய். 1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸில் மரியோவுக்கு மூன்றே நிறம். சின்ன மரியோவின் உயரம் 16 பிக்சல். அதே விளையாட்டில் மேகத்தையும் புதரையும் பார்த்திருப்பாய். இரண்டும் ஒரே வடிவம்தான், வெள்ளையைப் பச்சையாக்கிவிட்டார்கள். மரியோவின் மீசையும் தொப்பியும்கூட அழகுக்காக வந்தவை அல்ல. அத்தனை சின்ன இடத்தில் வாயும் முடியும் வரைய முடியாது என்பதால் வந்தவை.

அதனால் 64 பிக்சல் அகலத்தை விட்டுவிட்டு 16-க்கு 16 கட்டத்துக்கு இறங்கு. சாவி, செருப்பு, விளக்கு, குடை என்று நாளுக்கு ஒன்று, அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். முதலில் ஒரே கருப்பில் உருவத்தை நிரப்பு. அதைப் பார்த்தே என்ன பொருள் என்று சொல்ல முடியவில்லையென்றால் உள்ளே என்ன ஷேடிங் செய்தாலும் பிரயோஜனமில்லை. வரையும்போது நிஜ அளவில் ஒரு ப்ரீவ்யூ ஜன்னல் பக்கத்தில் திறந்திருக்கட்டும். 1600 சதவீத ஜூமில் எல்லாமே அழகாகத்தான் தெரியும். ஓரத்தை இடைநிறத்தால் மழுப்பும் ஆன்டி ஏலியாசிங்கை இப்போதைக்குத் தொடாதே. குறிப்பாக வெளி ஓரத்தில் வேண்டாம், பின்னணி மாறினால் பானையைச் சுற்றி ஒரு ஒளிவட்டம் கிளம்பும்.

படத்துக்குக் கீழே ‘பானை’ என்று 8 பிக்சல் உயரத்தில் எழுத முயன்றிருக்கிறாய், தைரியம்தான்! ஒரு சுழிக்குக் குறைந்தது 3 பிக்சல் அகலம் வேண்டும்: இரண்டு ஓரம், நடுவில் ஓட்டை. ‘னை’-யில் எத்தனை சுழி என்று நீயே எண்ணிப் பார். தமிழுக்கு 12-க்குக் கீழே இறங்காதே.

அடுத்த பானையை 16-இல், நாலு நிறத்தில் அனுப்பு. டாக்குமெண்டாக.

அன்புடன்,
சேகர்

பி.கு.: பானையைச் சாய்க்க ரொட்டேட் பட்டனை அழுத்தியிருக்கிறாய், விளிம்பு பிய்ந்ததைப் பார்த்தாலே தெரிகிறது. 90, 180, 270 டிகிரி தவிர வேறு எந்தக் கோணமானாலும் புதிதாக வரைந்துவிடுவதுதான் சீக்கிரம் முடியும்.