கோவைப் பட்டறைக்காரர்களுக்கு: ஆளை நாம் சேர்ந்து பழக்குவோம்

அண்ணன்மார்களே, தம்பிகளே, வணக்கம்.

நானும் உங்களில் ஒருவன்தான். கணபதியில் மூன்று லேத்தும் (கடைசல் இயந்திரம்) ஒரு வி.எம்.சி.யும் (கம்ப்யூட்டரில் ஓடும் மில்லிங் மெஷின்) வைத்து, பம்புக்கும் வால்வுக்கும் மற்ற கம்பெனிகள் கேட்கும் பாகங்களைக் கூலிக்குச் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறேன். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும், டீக்கடையில் நின்றாலும் நாம் பேசுவது ஒன்றுதான்: ஆள் கிடைக்கவில்லை. "டர்னர் தேவை" என்று லேத் ஓட்டுகிற ஆளைத் தேடும் அட்டை கேட்டில் தொங்கி வெளுத்தே போய்விட்டது. ஆனால் ஒரு புதுப் பையனுக்கு டூல் தீட்டவும் மைக்ரோமீட்டர் பிடிக்கவும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து எத்தனை வருடமாகிறது?

ஏன் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது எனக்குத் தெரியும், எனக்கும் நடந்ததுதான். டிராயிங் பார்க்க, டூலின் அளவுத் திருத்தத்தை மெஷினில் ஏற்றும் ஆஃப்செட் போட, ஜாப் கெட்டால் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க என்று இரண்டு வருடம் பக்கத்திலேயே வைத்துப் பழக்கிய பையன், சம்பளம் கொஞ்சம் கூடக் கிடைத்ததும் இரண்டு தெரு தள்ளி இன்னொரு பட்டறைக்குப் போய்விட்டான். மனசு விட்டுப்போய் ஒரு வருடம் யாரையும் புதிதாக எடுக்கவில்லை. இப்போது யோசித்தால், அவன் எங்கே போனான்? இதே ஊரில்தான் ஷாஃப்ட் கடைந்துகொண்டிருக்கிறான். நஷ்டம் எனக்கு, ஊருக்கு இல்லை. அந்த நஷ்டத்தை ஒரே ஆள் சுமக்கிறான், அதனால்தான் அடுத்தவன் பயப்படுகிறான்.

நம் ஊர் வளர்ந்த கதையும் கை பழகிய கதைதான். 1930களில் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் வந்தது, மில்கள் பெருகின, சரி, ஆனால் கரண்ட் வந்ததால் மட்டும் பம்ப் வந்துவிடவில்லை, தொழில் கற்றவர்கள் தனிப் பட்டறை போட்டதால்தான் வந்தது. ஜி.டி. நாயுடு தொழிலோடு நிற்காமல் 1945ல் ஆர்தர் ஹோப் கல்லூரி வரவும் காரணமாக இருந்தார். அதுதான் இன்று தடாகம் சாலையில் இருக்கும் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. அந்தப் பழைய பெயர் ஒட்டிக்கொண்டு அவினாசி சாலையில் நிற்கும் ஹோப் காலேஜ் பஸ் ஸ்டாப்பில் தினமும் இறங்குகிற எத்தனை பேருக்கு இது தெரியும்?

அரசு சும்மா இருக்கிறது என்று சொல்ல முடியாது. டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐகளைப் புதுப்பித்திருக்கிறார்கள். வேலை பழகுகிறவர்களை எடுப்பதற்கான அப்ரண்டிஸ் சட்டம் 1961லிருந்து இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயம், 4 பேர் இருந்தாலே விருப்பப்பட்டு எடுக்கலாம், உதவித்தொகையில் கால் பங்கை ஒரு வரம்பு வரை ஒன்றிய அரசு ஏற்கிறது. ஆனால் சத்தத்தைக் கேட்டே டூல் மழுங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளும் காது எந்த வகுப்பிலும் வராது, அதை நாம்தான் தர வேண்டும்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒரு ஏரியாவில் இருபது பட்டறைகள் சேர்வோம், மெஷின் எண்ணிக்கைப்படி மாதம் ஒரு தொகை போடுவோம், ஒரு ஷெட் பிடித்துப் பையன்களையும் பெண்களையும் ஆறு மாதம் பழக்கி, அப்புறம் எல்லாப் பட்டறைக்கும் பிரித்து எடுத்துக்கொள்வோம். யாரிடம் போய்ச் சேர்ந்தாலும் செலவு எல்லோருடையதாக இருக்கும். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை முதல் விஷயமாக வையுங்கள். என்னிடம் ஓடுகிற நிலையில் ஒரு பழைய லேத் இருக்கிறது, அதைத் தருகிறேன், சனிக்கிழமை சாயங்காலங்களில் நானே வந்து சொல்லிக்கொடுக்கிறேன்.