ஸாக்ரியஸ் யார் வீட்டுப் பிள்ளை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் 'ஹேடிஸ்' வீடியோ கேம் பற்றிய கட்டுரையில், அதன் நாயகன் ஸாக்ரியஸ் "கிரேக்கப் புராணத்தில் எங்குமே இல்லாத கற்பனைப் பாத்திரம்" என்று ஒரு வரி. தங்கள் கண்ணில் படாமலா அது அச்சேறியிருக்கும்? ஏதோ காரணம் இருக்கும் என்று மறுபடி படித்தேன். அகப்படவில்லை.

5-ஆம் நூற்றாண்டில் நொன்னஸ் என்ற கிரேக்கக் கவிஞர் எழுதிய, 48 காண்டங்கள் கொண்ட 'டயோனிசியாகா'வில் ஸாக்ரியஸ் வருகிறான். தேவர்களின் அரசன் ஜீயஸுக்கும் பாதாள அரசி பெர்செஃபனிக்கும் பிறந்த கொம்பு முளைத்த குழந்தை. கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டிருக்கும்போது டைட்டன்கள் என்னும் ஆதி தெய்வங்கள் வெட்டிப்போடுகிறார்கள். பிறகு மதுக்கடவுள் டயோனிசஸ் இந்தியாமீது படையெடுத்து வருகிற காவியம் அது. அந்த உறவுக்காகவாவது தாங்கள் அறிந்திருப்பீர்கள். அதற்குப் பல நூற்றாண்டு முந்திய அய்ஸ்கிலஸின் நாடகத் துணுக்கு ஒன்றில் அவன் பாதாள அரசன் ஹேடிஸின் மகனாகவே தெரிகிறான். 2020-இல் முழுமையாக வெளிவந்த விளையாட்டிலும் அப்படித்தான்.

விளையாட்டில், தானும் டயோனிசஸும் ஒருவரே என்று ஸாக்ரியஸ் வேடிக்கைக்கு அளந்துவிட, பாடகன் ஆர்ஃபியஸ் அதை நம்பிப் பாட்டே கட்டிவிடுவான். இருவரும் ஒருவரே என்ற பழைய மரபு தெரிந்தவர்கள் சிரிக்கும் இடம். தங்கள் கட்டுரையாளர் விளையாட்டின் முதல் அறையிலேயே செத்து, எழுத உட்கார்ந்துவிட்டார் போலும்.

முன்பு 'காட் ஆஃப் வார்' விளையாட்டின் நாயகன் க்ரேடோஸை "கிரேக்கர்கள் வணங்கிய போர்க்கடவுள்" என்றீர்கள். அந்தப் பதவி ஏரீஸுடையது. புராணத்து க்ரேடோஸ் பாதாள நதித் தெய்வம் ஸ்டிக்ஸின் மகன். நெருப்பைத் திருடிய ப்ரொமீதியஸைப் பாறையில் பூட்டச் சொல்லி கொல்லர் தெய்வம் ஹெஃபெஸ்டஸை விரட்டும் ஜீயஸின் ஏவலாள். அன்று நான் எழுதிய கடிதத்தில் "கட்டுரை சுவாரசியம்" என்ற மரியாதைச் சொல்லை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டீர்கள். மிக்க நன்றி.

விளையாட்டு என்றாலே 'பிள்ளை வளர்ப்பு' பக்கத்தில், மருத்துவரின் எச்சரிக்கையோடு போடுவது என்ன வழக்கமோ! வங்கி வேலை முடிந்து, அடுப்படியை ஒதுக்கிவைத்துவிட்டு விளையாட உட்காரும் என் வயதுப் பெண்கள் தங்கள் கணக்கிலேயே இல்லை. 2021-இல் வீடியோ கேமுக்கென்று முதன்முதலாகக் கொடுத்த ஹியூகோ என்ற அறிவியல் புனைகதை விருது இந்த 'ஹேடிஸ்'க்குத்தான். நான் ஆடுவதைப் பார்த்துத்தான் என் மகள் நூலகத்தில் கிரேக்கப் புராணம் கேட்டு வாங்கினாள். தங்கள் தன்னம்பிக்கைத் தொடரைப் படித்துவிட்டு எங்கள் தெருவில் யாரும் நூலகம் போகவில்லை.

அடுத்த இதழில் ஸாக்ரியஸுக்கு இரண்டு வரித் திருத்தம் போட வேண்டுகிறேன். ராசிபலனுக்குக் கீழே இடமிருந்தாலும் போதும். இதையும் சுருக்குவதானால் நொன்னஸை விட்டுவைத்துச் சுருக்குங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்