காய்ச்சல் மாத்திரைக்கும் கணக்கு உண்டு

பல்லடம்

கண்ணு,

நேற்று ராத்திரி நீ போன் செய்தபோது பையன் காய்ச்சலில் அழுதுகொண்டிருந்தான், இங்கே மருந்துக் கடையிலும் கூட்டம். "மறுபடியும் சிரப் கொடுக்கலாமாப்பா?" என்று கேட்டாய். ஒரு வரியில் பதில் சொல்லி வைத்துவிட்டேன். ஒரு வரியில் முடிகிற விஷயமில்லை என்பதால் இப்போது எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

அந்தச் சிரப்பில் இருக்கிற பாரசிட்டமால் நல்ல மருந்து. அளவோடு எடுத்தால் இதைவிடப் பாதுகாப்பான காய்ச்சல் மருந்து கடையில் கிடையாது, வயிற்றையும் புண்ணாக்காது. அதனாலேயே ஜனங்களுக்கு இதன்மேல் பயம் விட்டுப்போய்விட்டது. டோலோ, கால்பால், குரோசின் என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் உள்ளே இருப்பது இதுதான். ஒன்று கேட்கவில்லை என்று இன்னொன்றைப் போட்டால் அதே மருந்தை இரண்டு தடவை போட்ட கணக்கு.

போன ஐப்பசியில் தறி ஓட்டுகிற பையன் ஒருத்தன் கடைக்கு வந்தான். "ஏனுங்ணா, காய்ச்சல் விடவே மாட்டேங்குது, இன்னும் ஸ்ட்ராங்கா ஒண்ணு குடுங்க" என்றான். இதுவரை என்ன போட்டாய் என்று கேட்டதும், சட்டைப் பையிலிருந்து மூன்று துண்டு அட்டைகளை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தான். கத்தரியால் வெட்டிக் கொடுத்தவை. ஒன்றில் பெயர் இருந்த பக்கமே இல்லை. மிச்சமிருந்த எழுத்தையும் மாத்திரையின் நிறத்தையும் வைத்துத்தான் கண்டுபிடித்தேன். காய்ச்சல் மாத்திரையில் பாரசிட்டமால் 650 மில்லிகிராம். சளி மாத்திரையில் 500. உடம்புவலி மாத்திரையில் அசிக்ளோபினாக் என்ற வலி மருந்தோடு சேர்த்து 325. மூன்றையும் மூன்று வேளையும் போட்டிருக்கிறான். கூட்டிப் பார், ஒரு நாளைக்கு 4425 மில்லிகிராம். நல்ல உடம்புள்ள பெரியவர்களுக்கே 24 மணி நேரத்தில் 4000தான் உச்சவரம்பு. அவனோ ஒல்லி, இரண்டு நாளாக டீயும் பன்னும்தான். அப்படிப்பட்டவர்களுக்கு 4000 வரை போவதே தப்பு. நான் மாத்திரை கொடுக்கவில்லை. அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.

அவன் ஏமாளி இல்லை கண்ணு. ஒவ்வொரு அட்டையையும் தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் தப்பில்லை. தப்பு கூட்டுத்தொகையில் இருந்தது, அதை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. உன் வீட்டிலும் இதுதான் நடக்கும். உன் மாமியாரின் மூட்டுவலி மாத்திரையிலும், நீ ஆபீஸ் பையில் வைத்திருக்கிற சளி மாத்திரையிலும் இது இருக்கலாம். அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்காமல் எதையும் விழுங்காதீர்கள்.

அதிகமானால் அடி விழுவது கல்லீரலுக்கு. இந்த மருந்தில் ஒரு சிறு பங்கு கல்லீரலில் விஷமாக மாறும். குளுட்டதயோன் என்ற பொருள் அதை அவ்வப்போது முறித்துவிடும். சாயப்பட்டறைத் தண்ணீரைச் சுத்திகரிப்பு நிலையம் தாங்குகிறவரை நொய்யல் பிழைத்துக்கொள்ளும், தாங்காமல் போனால் அப்படியே ஆற்றில் இறங்கிவிடும் இல்லையா, அதே கதைதான். சாப்பிடாமல் கிடப்பவர்களுக்கும் தினமும் குடிப்பவர்களுக்கும் இந்தத் தாங்கும் சக்தி குறைவு. மாப்பிள்ளை பார்ட்டிக்குப் போய்விட்டு வந்து தலைவலிக்கு இரண்டு மூன்றாக முழுங்க வேண்டாம் என்று சொல். நான் சொன்னேன் என்றே சொல்.

இதில் மோசம் என்னவென்றால், முதல் நாள் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் குமட்டல், வாந்தி, அவ்வளவுதான். கல்லீரல் கெட்டது இரண்டாம் மூன்றாம் நாளில்தான் வெளியே வரும். முறிமருந்து இருக்கிறது, அசிட்டைல்சிஸ்டீன் என்று பெயர். அளவு மீறி விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் ஏற்றினால் பெரும்பாலும் காப்பாற்றிவிடும். ஆகவே அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால், பிள்ளை நன்றாகத்தானே விளையாடுகிறான் என்று காத்திருக்காதே. பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடு.

இப்போது பையன் விஷயம். குழந்தைக்கு வயதைப் பார்த்துக் கொடுக்கக் கூடாது, எடையைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். அவன் 12 கிலோ என்று வைத்தால் ஒரு வேளைக்கு 120 முதல் 180. ஆனால் சிரப்பில் 5 மில்லிக்கு 120 என்றும் வருகிறது, 250 என்றும் வருகிறது. சொட்டு மருந்து இன்னும் கெட்டி, ஒரு மில்லியிலேயே 100 இருக்கும். 120 சிரப் என்றால் 5 மில்லி சரி. அதே 5 மில்லியைச் சொட்டு மருந்தில் ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். சமையல் ஸ்பூன் வேண்டாம், கூடவே வருகிற அளவு மூடியில் ஊற்று. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும், 6 என்றால் நல்லது. நாளுக்கு 4 தடவைக்கு மேல் வேண்டாம். எத்தனை மணிக்கு எவ்வளவு என்று காலண்டரில் குறித்து வை. நீ கொடுத்தது தெரியாமல் மாப்பிள்ளையும் கொடுத்துவிடுவார்.

காய்ச்சல் இருந்தும் விளையாடுகிறான், தண்ணீர் குடிக்கிறான் என்றால் மருந்தே அவசியமில்லை. தூங்குகிற பிள்ளையை எழுப்பி ஊற்றவும் வேண்டாம். யாராவது காய்ச்சலுக்கு நிமெசுலைடு என்ற வேறு மருந்துச் சிரப் நல்லது என்று சொன்னால் கேட்காதே, 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதை 2011லேயே தடை செய்துவிட்டார்கள். ஆஸ்பிரினும் பிள்ளைகளுக்கு ஆகாது.

இது மழைக்காலம், டெங்கு சுற்றுகிறது. என்ன காய்ச்சல் என்று தெரியும்வரை வீட்டில் யாருக்கும் இபுபுரூபன், டைக்ளோபினாக் மாதிரி வலி மாத்திரை வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். மூன்று நாள் தாண்டினால் டாக்டரிடம் போய்விடு. காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், பிள்ளை துவண்டு போவது என்று எது வந்தாலும் அன்றைக்கே போ. டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம்.

அம்மாயி அவனுக்குக் கஞ்சியும் ரசமும் கொடுக்கச் சொல்கிறாள், கொடு. சாயங்காலம் அவனை எடைக் கருவியில் நிற்க வைத்துப் பார்த்து, பாட்டிலின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. எத்தனை மில்லி என்று அப்பா கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

அப்பா