வாலிபர் ஐக்கிய சங்கம்: 2020–21 ஆண்டறிக்கை

போதகர் ஐயா அவர்களுக்கும், சங்கத்தின் மூத்தவர்களுக்கும், அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லாருக்கும் கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

வழக்கமாக இந்த அறிக்கையில் கன்வென்ஷன், வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி), கேரல் பவனி, விளையாட்டுப் போட்டி என்று வரிசையாக வரும். இந்த வருடம் நம் சங்கம் அவை எதையும் நடத்தவில்லை. 2020 மார்ச் 25 முதல் கொரோனாவால் நாடு முழுக்க ஊரடங்கு, ஆலயமும் பூட்டியாச்சு. ஆனாலும் நான் செயலாளராக வாசிக்கிற அறிக்கைகளிலேயே சொல்வதற்கு அதிகம் இருப்பது இதில்தான்.

ஏப்ரல் 10 பெரிய வெள்ளி. சிலுவையின் ஏழு வார்த்தைகளை ஏழு வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தோம், ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் ஒரு அண்ணன், ஆலயத்தில் கடைசி பெஞ்சைத் தாண்டி முன்னால் வராதவர், "தாகமாயிருக்கிறேன்" என்ற வார்த்தையை எடுத்தார். நான்கு நிமிடம்கூட இருக்காது, பின்னால் ஆடு கத்துவதும் கேட்கும். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள் நம் சபையில் நிறையப் பேர்.

ஞாயிறு ஆராதனை யூடியூபில் வந்தது, நல்லதுதான், ஆனால் ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்களுக்கு அதனால் என்ன பிரயோஜனம்? அதனால்தான் போன் ஊழியத்தைத் தொடங்கினோம். சாதாரண பட்டன் போன் போதும். ஒரு வாலிபர், ஒரு பெரியவர், தினமும் சாயங்காலம் ஒரு சங்கீதம், ஒரு ஜெபம், அப்புறம் மாத்திரை இருக்கா, சாப்பிட்டாச்சா என்று ஒரு விசாரிப்பு. வருடக்கணக்காகப் படுக்கையில் இருக்கிற ஒரு அம்மச்சிக்கு 121-ம் சங்கீதம் வாசிக்கப்போன தங்கச்சியை அவர் பாதியில் நிறுத்தி, "ஓடாத மக்களே, நின்னு வாசி" என்று சொல்லி மீதியைத் தானே மனப்பாடமாகச் சொன்னாராம். வீட்டுக்குள் அடைபட்டுக் கிடப்பது நமக்குத்தான் புதிது. அந்த அம்மச்சி போன்றவர்கள் பல வருடமாக அப்படியே இருந்துகொண்டு விசுவாசத்தைக் காத்தவர்கள், நாம் அவர்களுக்குக் கொடுத்ததைவிட அவர்களிடமிருந்து வாங்கியதுதான் அதிகம்.

இன்னொன்று. வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒரு தம்பி, மாடி அறையில் தனிமைப்படுத்தலில் இருந்தார். சாப்பாடு படிக்கட்டில் வைப்பார்கள். ஜெபத்தில் பெரிதாக நாட்டம் இல்லாதவர், வேலை போன கவலை வேறு. நம் பையன் ஒருவன் தினமும் கூப்பிட்டு, உபதேசம் எதுவும் பண்ணாமல், மாற்கு சுவிசேஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தான். ஒரு நாள் அவரே, "இன்னைக்கு நான் வாசிக்கேன், நீ கேளு" என்றார். பிறகு ஆலயம் திறந்ததும் வந்தார், இப்போது அவர் பெயரும் போன் ஊழியப் பட்டியலில் இருக்கிறது.

துயரத்தில் இருப்பவரை வேதம் சொல்லித் தேற்றுவது நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் பழக்கமில்லாத காரியம் அல்ல. திருவிதாங்கூர் அரசில் வேலை பார்த்த நட்டாலத்து நீலகண்ட பிள்ளை தன் துயரத்தில் இருந்தபோது, அந்த அரசின் படையில் இருந்த டச்சுக்காரர் டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைத்தான் சொன்னார். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனவர், விசுவாசத்துக்காகக் கைதாகி பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிவைக்கப்பட்டிருந்தபோதும் ஜனங்கள் அவரைத் தேடிப் போனார்கள். 1752 ஜனவரி 14-ல் காற்றாடிமலையில் அவரைச் சுடும்வரை அந்த விசுவாசத்தை அவரிடமிருந்து யாராலும் பிடுங்க முடியவில்லை. அவர் கத்தோலிக்கர், நாம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்று பார்க்காமல் இந்த வருடம் அவர் வரலாற்றைப் பலமுறை பேசினோம், அது எனக்குச் சரியாகவே படுகிறது.

செப்டம்பரில் ஆலயங்கள் திறந்தும், 65 வயது தாண்டியவர்கள் வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்ததால் போன் ஊழியத்தை நிறுத்தவில்லை. இப்போது நோய் மறுபடியும் கூடுகிறது. ஆராதனைக்கு அனுமதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது நிரந்தர ஊழியமாக வேண்டும் என்பது செயற்குழுவின் தீர்மானம், அதை முன்மொழிகிறேன்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். கேரலுக்கு ஒதுக்கிய பணம் மளிகைக்கும் மாத்திரைக்கும் போனது, சபையார் அறிவார்கள். இந்த வருடம் நம்மைவிட்டுப் போனவர்களில் அடக்க ஆராதனைக்கு நாம் போக முடியாத வீடுகளைக் கூட்டம் முடிந்ததும் குழுவாகப் பிரிந்து சந்திக்கப் போகிறோம், முகக்கவசம் மறக்காதீர்கள். போன் ஊழியத்துக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் போகும்முன் என்னிடம் எழுதிக் கொடுங்கள்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

செயலாளர்