தக்காளி இன்னும் காய்தான்

ஆசிரியருக்கு,

உணவகங்கள் சொந்தமாகத் தோட்டம் போடுவதைப் பாராட்டி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் போன வாரம் அப்படி ஒரு தோட்டத்தை நானே சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன், கட்டுரையில் விட்டுப்போன ஒரு விஷயம் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

உணவகத்தின் பெயர் வேண்டாம். ஆர்டர் எடுக்க வந்தவரிடம் தோட்டத்தைப் பார்க்கலாமா என்று கேட்டதும், சாப்பாடு வர 20 நிமிடம் ஆகும், தாராளமாகப் பாருங்கள் என்று பின்கதவைக் காட்டினார். ஒரு பத்துப் பன்னிரண்டு பாத்திகள். வயதான தோட்டக்காரர் ஒருவர் களை பிடுங்கிக்கொண்டிருந்தார், பேச ஆள் கிடைத்தது என்று எழுந்து வந்துவிட்டார்.

புதினாவை மட்டும் தொட்டியோடு மண்ணில் புதைத்து வைத்திருந்தார். இல்லாவிட்டால் தண்டு மண்ணுக்கடியில் ஓடிப்போய்ப் பக்கத்துப் பாத்தியையும் பிடித்துக்கொள்ளுமாம். முள்ளங்கியை மொத்தமாக விதைக்காமல் பத்து நாளுக்கு ஒரு வரிசையாக விதைக்கிறார், 25, 30 நாளில் அது தயார் என்பதால் எப்போதும் ஏதாவது ஒரு வரிசை பிடுங்கக் கிடைக்கும். வெயில் ஏறினால் கொத்தமல்லி பூத்துவிடுகிறதே, என்ன செய்வீர்கள் என்றேன். பூக்கட்டும், பச்சை விதையையும் சமையலறையில் வாங்கிக்கொள்வார்கள் என்றார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சமையல்காரப் பையன் ஒருவன் கத்தரிக்கோலோடு வந்து, பேசில் என்ற துளசி வகைச் செடியில் இரண்டு இலை பிரியும் கணுவுக்குச் சற்று மேலே வெட்டி, தண்ணீர் ஊற்றிய டம்ளரில் பூங்கொத்து மாதிரி செருகிக்கொண்டு போனான். பேசில் குளிர் தாங்காது, ஃபிரிட்ஜில் வைத்தால் இலை கறுத்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, வேண்டியபோது வெட்டிக்கொள்ளலாம் என்பதுதான் இப்படிப்பட்ட தோட்டத்தின் பெரிய லாபம் என்று எனக்குப் பட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்தது மூலையில் இருந்த மட்குக் குவியல். சாக்கை விலக்கி, குவியலில் செருகியிருந்த இரும்புக் கம்பியை உருவி, தொட்டுப் பாருங்கள் என்று நீட்டினார். சுரீரென்று சுட்டது! நன்றாக வேலை செய்யும் குவியல் உள்ளே 55 முதல் 65 டிகிரி வரை போகும், அந்தச் சூட்டில்தான் களை விதையும் நோய்க் கிருமிகளில் பெரும்பாலானவையும் சாகின்றன. காய்கறித் தோல், காம்பு, காய்ந்த இலை, இவ்வளவுதான் அவர் போடுவது. தட்டில் மிஞ்சுவதை வாங்கவே மாட்டாராம், எண்ணெயும் உப்பும் வேண்டாம், எலியும் வேண்டாம் என்கிறார். பச்சையாகத் தின்னும் கீரைப் பாத்தியில் மட்காத சாணம் போடுவதே இல்லை என்றும் சொன்னார். அமெரிக்க இயற்கை வேளாண் விதியில் இதற்கு நாள் கணக்கே உண்டு: மட்க வைக்காத சாணம் போட்டால், தின்னும் பகுதி மண்ணில் படுகிற பயிருக்கு அறுவடைக்குள் 120 நாள், மற்றதற்கு 90 நாள் கழிந்திருக்க வேண்டும். உங்கள் கட்டுரையில் பூக்களின் படம் நாலு இருந்தது, உரக்குழி ஒன்றுகூட இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடைசிப் பாத்தியில் 20 தக்காளிச் செடிகள். அத்தனையிலும் கல் மாதிரி பச்சைக் காய்கள், ஒன்றில் மட்டும் லேசாக மஞ்சள் தட்டியிருந்தது. மேசையில் இருந்த மெனு கார்டிலோ முதல் வரியே 'எங்கள் தோட்டத்துத் தக்காளி சூப்'. தோட்டக்காரரிடம் சொன்னேன், சிரித்துவிட்டார். அவரே கணக்கும் போட்டுக் காட்டினார். ஒரு செடிக்கு 3, 4 கிலோ என்றால் பருவம் முழுக்க 70 கிலோ. சமையலறைக்கு ஒரு நாளைக்கே 10 கிலோ வேண்டும். ஆக, எல்லாம் ஒரே சமயத்தில் பழுத்தாலும் ஒரு வாரத்துக்குத்தான் வரும். மீதி நாளெல்லாம் சந்தையில் வாங்குவதுதான், எல்லோரையும் போல.

சந்தையில் வாங்குவது குற்றமே இல்லை. தழையும் கீரையும் பூவும் தோட்டத்திலிருந்து, மற்றது வெளியிலிருந்து என்று சொன்னால் யார் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள்? தன் தோட்டத்தையே நம்பிப் பெரிய உணவகம் நடத்துகிறவர்களும் உண்டு. பாரிஸில் ஆர்ப்பேஜ் உணவகத்தின் சமையல் கலைஞர் அலன் பசார் 2001-இல் மெனுவிலிருந்து சிவப்பு இறைச்சியை எடுத்துவிட்டுக் காய்கறிக்கு மாறினார், ஆனால் அதற்காக நகரத்துக்கு வெளியே தனிப் பண்ணைகளே போட வேண்டியிருந்தது. பின்கட்டில் பத்துப் பாத்தி வைத்துக்கொண்டு அதே பேச்சைப் பேசினால் எப்படி? 2020-இல் மிஷ்லின் உணவக வழிகாட்டி, சுற்றுச்சூழலைப் பேணும் உணவகங்களுக்கென்று பச்சை நட்சத்திரம் என்று ஒன்றைக் கொண்டுவந்ததிலிருந்து தோட்டம் என்ற சொல்லுக்கே மவுசு கூடிவிட்டது, அச்சடித்த கார்டு வருஷம் பூராவும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

வாசலில் ஒரு கரும்பலகை வைத்து, இன்று தோட்டத்தில் பறித்தது இன்னது என்று காலையில் எழுதிவிட்டால் போதும். முள்ளங்கி மட்டும் என்றால் முள்ளங்கி மட்டும். அப்புறம், அடுத்த முறை உங்கள் நிருபர் இப்படி ஒரு தோட்டத்துக்குப் போனால் எத்தனை கிலோ வருகிறது, எத்தனை கிலோ செலவாகிறது என்ற இரண்டு கேள்வியையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

கிளம்பும்போது மேலாளரிடம் கார்டைக் காட்டினேன். அடுத்த தடவை அச்சடிக்கும்போது மாற்றிவிடுகிறோம் என்றார். அதற்குள் தக்காளி பழுத்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்