கேக் வெட்டியது உண்மைதான், மைனி

அன்புள்ள மைனி,

"அப்பா கையில் கட்டோடு கிடக்கிறார், அங்கே என்ன கொண்டாட்டம்?" என்று குடும்பக் குழுவில் எல்லோரும் பார்க்கும்படி கேட்டுவிட்டீர்கள். தனியாகக் கேட்டிருந்தால் தனியாகவே சொல்லியிருப்பேன். மஸ்கட்டில் இருக்கும் உங்களுக்குச் செய்தி அனுப்பியது யார் என்று நான் துருவப் போவதில்லை. அன்று நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு துண்டு கேக் சாப்பிட்டுப் போனவர்களில் ஒருவர்தான்.

நவம்பர் 1 உங்கள் மருமகளின், அதாவது என் மகளின், பிறந்தநாள். அன்று காலையில் மாமா கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தார். மழை நாளில் அங்கே போக வேண்டாம் என்றால் கேட்கிறவரா அவர்? மார்த்தாண்டத்துக்கு அழைத்துப்போய் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு முறியவில்லை, மணிக்கட்டில் சுளுக்கு என்றார் டாக்டர். மாமாவுக்கு டாக்டர் சொன்னது போதாது, நாட்டு வைத்தியம் பார்க்கும் ஆசானும் சொல்ல வேண்டும். அவரும் வந்து, தைலம் தடவிக் கட்டுப் போட்டுவிட்டுப் போனார். மத்தியானம் மாமா உள்ளித்தீயலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நீங்கள் "கிடக்கிறார்" என்று எழுதியது இதைத்தான்.

விழுந்த செய்தி சாயங்காலத்துக்குள் கருங்கலிலிருந்து குளச்சல் வரை போய்விட்டது. நலம் விசாரிக்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள், ஆளுக்கொரு சீப்பு மட்டிப்பழத்தோடு. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து மட்டியை நீட்டுகிறவர்களின் முகத்தில் ஒரு பெருமை வந்திருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? பழம் சரி. வந்தவர்களுக்கெல்லாம் சாயா போடுவது யார்? நான் அடுப்படியில் நின்ற அதே நேரத்தில் உங்கள் மருமகளின் கூட்டாளிகள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். போன வருடம் ஒரு துஷ்டி (சாவு), நிறுத்தினோம். அதற்கு முந்தைய வருடம் உங்கள் கொழுந்தன் கல்யாணம், அதற்காகவும் நிறுத்தினோம். வீட்டில் எது நடந்தாலும் முதலில் ரத்தாவது பிள்ளைகளின் நாள்தான். பெரியவர்களின் சடங்கு ஒன்று சுளுக்குக்காக நின்று நான் பார்த்ததில்லை. நம் வீட்டுப் பால்காய்ப்பு அன்று உங்கள் தம்பிக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. நேரம் தவறக் கூடாது என்று அவரைப் போர்வையோடு உட்கார வைத்தது யார் மைனி? பதினாறு வயது அடுத்த முகூர்த்தத்துக்குக் காத்திருக்காது.

மாமாவிடமும் கேட்டேன். "கட்டு கையில்தானே, வாயில் இல்லையே. கேக் எத்தனை மணிக்கு வரும்?" என்றார்.

அடுத்து, நீங்கள் எழுதாமல் விட்டதற்கும் பதில். ஆமாம், பையன்களும் வந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் முன்பே போன் செய்து, எட்டரை மணிக்கு வந்து அழைத்துப் போகச் சொல்லியிருந்தேன். மகளோடும் ஒரு ஒப்பந்தம் இருந்தது: மாடிக் கதவு திறந்தே இருக்கும், பதிலுக்கு நானும் சாக்குச் சொல்லிக்கொண்டு தட்டோடு அடிக்கடி மேலே போக மாட்டேன். கண்காணிப்புக்கு நான் தேவைப்படவும் இல்லை. திண்ணையில் வரிசையாக மாமிமார் இருந்தார்களே! "நீ யார் மகன்? வீடு எந்தப் பக்கம்? அம்மை வீடு?" மூன்றாவது கேள்வியில் எந்தப் பையனும் ஏதோ ஒரு வழியில் சொந்தமாகிவிட்டான். அவர்களில் ஒருவன் உறவு முறை விசாரணையிலிருந்து தப்பிக்க அடுப்படிக்குள் வந்து, மரச்சீனிக்கிழங்கு தோலுரிக்க உட்கார்ந்துவிட்டான். நன்றாகவே உரித்தான். இன்னும் இரண்டு பேரைச் சாயா கொண்டுபோகச் சொன்னேன். அன்று நான் வேலை சொல்லி மறுத்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. பெரியவர்களில் ஒருவர் சர்க்கரை குறைவு என்று சாயாவைத் திருப்பி அனுப்பினார்.

ஆறரைக்கு மழை கொட்டியது. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில், அதுவும் ஐப்பசியில், மொட்டைமாடியை நம்பினால் அப்படித்தான். கரண்டும் போயிற்று. பிள்ளைகள் எல்லோரும் முன்னறைக்கு இறங்கி வந்து மாமாவின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவர் விடுவாரா? "இன்றைக்கு என்ன நாள்?" என்றார். "லீவு, பாட்டா" என்றான் ஒருவன்.

கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாளை வெறும் லீவு என்றால் அது போதாதா! 1954 ஆகஸ்ட் 11 தொடங்கியது. தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு ஊர்வலம் போனவர்கள்மேல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, சந்தைக்குப் போன தன் தகப்பனார் இருட்டியும் திரும்பாதது, பத்து வயதுப் பையனாகத் தான் வாசலில் நின்றது எல்லாம் வந்தன. "அப்போது நீங்கள் பிறந்தது கேரளாவா, பாட்டா?" என்று ஒரு பெண் கேட்டாள். "திருவிதாங்கூர், மக்களே. மகாராஜா ஆட்சி" என்றார். பிள்ளைகள் உண்மையாகவே கேட்டார்கள். உங்கள் மருமகள்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பிறந்தநாளில், அந்தப் போராட்டத்தை நடத்திய நேசமணி வந்து உட்கார்ந்துகொண்டால் அவளுக்கு எப்படி இருக்கும்? தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் இணைந்த 1956க்கு மாமா வருவதற்குள் மழை விட்டது. எல்லோரையும் எழுப்பி மாடிக்குக் கொண்டுபோய்விட்டாள். கதை பாதியில் நின்ற குறை மாமாவுக்கு இன்னும் உண்டு.

அதன்பிறகுதான் கேக். மாமா இடது கையால் ஊட்டிவிட்டார், அந்தப் படத்தைத்தான் யாரோ உங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கட்டை இன்று ஆசான் பிரித்துவிட்டார்.

அப்பாவைப் பற்றி ஊர் முழுவதும் விசாரித்தீர்கள். அவருடைய போன் அவரிடமே இருக்கிறது, மைனி. உங்கள் மருமகளுக்கும் நீங்கள் இன்னும் வாழ்த்துச் சொல்லவில்லை. டியூஷன் முடிந்து ஏழு மணிக்கு வருவாள். அங்கே அப்போது ஐந்தரை.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி