பிகினியில் காணாமல் போன 28 பவளங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிகினி பவளத்தீவைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அணுகுண்டு தோண்டிய பள்ளத்துக்குள் பவளம் மரம்போல வளர்ந்திருப்பதும், சுறாக்கள் கூட்டமாகத் திரிவதும் உண்மைதான். ஆனால் இயற்கை இழந்ததையெல்லாம் மீட்டுவிட்டது என்று கட்டுரையை முடித்திருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

பசிபிக் கடலில், மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த இந்தப் பிகினியில் 1946 முதல் 1958 வரை அமெரிக்கா 23 அணு ஆயுதச் சோதனைகள் நடத்தியது. 1954 மார்ச் 1 அன்று வெடித்த 'பிராவோ' என்ற குண்டு மட்டும் 15 மெகாடன், அதாவது ஒன்றரைக் கோடி டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம். அதன் பள்ளம் சுமார் 2 கிலோமீட்டர் அகலம். அந்த இடத்தில் பவளம் முளைத்ததே பெரிய விஷயம், சரி. ஆனால் எது திரும்பவில்லை என்று யாராவது பார்க்க வேண்டுமே?

பார்த்திருக்கிறார்கள். சோதனைகளுக்கு முன் அங்கிருந்த பவள இனங்களின் பட்டியல் ஒன்று நல்லவேளையாக இருந்தது. 2002இல் ஆய்வாளர்கள் கடலில் இறங்கி எண்ணியதை அதோடு ஒப்பிட்டார்கள். பழைய பட்டியலில் 126 இனங்கள், புதியதில் 183. மொத்தத்தை மட்டும் பார்த்தால் பவளம் பெருகிவிட்டதாகத்தான் தோன்றும். பெயர் பெயராகச் சரிபார்த்தபோது பழைய இனங்களில் 42 கிடைக்கவில்லை. பெயர்க் குழப்பத்தாலோ தேடல் போதாததாலோ விடுபட்டிருக்கலாம் என்று 14ஐக் கழித்தாலும், 28 இனங்கள் உண்மையிலேயே அங்கிருந்து மறைந்துவிட்டதாக அவர்கள் கருதுகிறார்கள். அவற்றில் 16, தீவு வளையத்துக்கு உள்ளே இருக்கும் அமைதியான காயலில் மட்டுமே வாழக்கூடியவை. எனக்கு மனதை உறுத்துவது இதுதான். பள்ளத்தில் நிற்கும் பவளத்தைப் படம் எடுக்கலாம், இல்லாமல் போன 28ஐ எப்படிப் படம் எடுப்பது?

மீன் பெருகியதற்கு, அங்கே வலை வீச ஆள் இல்லாததும் ஒரு காரணம். சோதனைகளுக்காக 1946இல் அங்கிருந்து அப்புறப்படுத்தப்பட்ட தீவுவாசிகள் 167 பேரைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. எழுபதுகளில் சில குடும்பங்கள் திரும்பிப் போயின. உள்ளூர் உணவு வழியாக உடம்பில் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் ஏறுவது தெரிந்ததும் 1978இல் அவர்களை மறுபடி வெளியேற்றினார்கள். தென்னை வைத்திருப்பவர்களுக்கு அதற்கு எவ்வளவு பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் உரம், வேண்டும் என்று தெரியும். பவள மணலில் பொட்டாசியம் மிகக் குறைவு. அதனால் அதே குணமுள்ள சீசியத்தை வேர் உறிஞ்சித் தேங்காயில் சேர்த்துவிடுகிறது. அப்புறம் அந்தத் தேங்காயைத் தின்னும் தென்னை நண்டுக்கும் அது போகிறது. பார்வைக்கு மரமும் காயும் நண்டும் செழிப்பாகவே இருக்கும்.

அடுத்த முறை இந்தத் தீவைப் பற்றி எழுதும்போது, அந்த அழகான படங்களுக்குப் பக்கத்திலேயே இந்தப் பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் சேர்த்து வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்